எண்பதா, நூற்றிருபதா?

பாட்டுக் கேட்பவர்களை எல்லோருக்கும் தெரியும். பாட்டுப் பெட்டியைக் கேட்பவர் என்று ஓர் இனம் உண்டு, அறிவீர்களா? அவருக்குப் பாட்டு ஒரு சாக்கு. பெட்டிதான் காரியம்.

என் அக்காவின் கணவர் இந்த இனத்தில் அசல் வித்து. தொழில், மூக்குக்கண்ணாடிக் கடை. பகலெல்லாம் வருகிறவர் மூக்கில் சட்டத்தை மாட்டி, "இதுல நல்லாத் தெரியுதா, இதுலயா?" என்று கேட்பவர், வீட்டுக்கு வந்ததும் அதே கேள்வியைக் காதுக்கு மாற்றிவிடுவார். பிளைவுட்டைத் தானே அறுத்து, தானே பசை போட்டு, இரண்டு சின்ன ஸ்பீக்கர் பெட்டிகளும், கனத்த ஓசைக்கென்று அலமாரி அளவில் ஒரு சப்வூஃபரும் செய்து வைத்திருக்கிறார். அதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர். எந்த ஓசை எந்தப் பெட்டிக்கு என்று பிரித்து அனுப்பக் கிராஸ்ஓவர். எந்த எண்ணுக்குக் கீழே இறங்கும் ஓசை அலமாரிக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்க அதில் ஒரு குமிழ். அதை எண்பதில் வைப்பதா, நூற்றிருபதில் வைப்பதா? எட்டு மாதமாக அந்த வீட்டில் எந்தப் பாட்டும் பல்லவியைத் தாண்டவில்லை.

இந்த நிலைமையில்தான் அக்கா மகளுக்கு வானொலியில் நேரலையாகப் பாட முதல் வாய்ப்பு வந்தது. ஞாயிறு காலை பத்து மணி. கேட்பதற்கு நானும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன்.

"போன்லயே கேட்டுக்கலாங்க" என்றாள் அக்கா.

"என் பொண்ணு குரலை அந்தத் தகர டப்பாவுலயா? நம்ம பெட்டியிலதான்!"

ஒன்பதே முக்காலுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. அத்தோடு விட்டாரா? "ஆம்ப் கொஞ்சம் ஓவராத் தள்ளுது, ஒரே நிமிஷம்" என்று ஸ்க்ரூடிரைவரோடு பெட்டிக்குப் பின்னால் போனார். ஒயர்களைக் கழற்றினார், மாட்டினார், நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி கழற்றினார். பத்து மணி ஆயிற்று. அலமாரி மட்டும் 'தும்... தும்...' என்று உறுமியது; ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. சின்னப் பெட்டிகள் கப்சிப். குரல் போகவேண்டிய ஒயர் அத்தான் கையில்!

அக்கா போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடிக் கதவைச் சாத்தினேன். பாட்டு முடிந்தபோது அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அத்தான் இன்னும் குனிந்தே இருந்தார்.

மத்தியானம் மகள் வந்தாள். "அப்பா, எப்படிப் பாடினேன்?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தாள்.

"டிரம்ஸ் பிரமாதம்மா!"

அவள் முகம் வாடிவிட்டது. "நீங்க கேக்கவே இல்ல, இல்லப்பா?"

அத்தான் எழுந்துபோய்ப் பிளக்கைத் தானே பிடுங்கினார். "இங்கயே ஒரு தடவை பாடேம்மா."

கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, நின்றபடியே பாடினாள். மனிதர் தரையில் உட்கார்ந்து, குமிழே இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரை கேட்டார். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"சரணத்துல குரல் கீழ இறங்குச்சே, அடடா!" என்றார். "எண்பதுதான். சந்தேகமே இல்ல."

சிரிக்கிறீர்களா? தாராளமாக. உங்கள் பிள்ளை பள்ளி நாடகத்தில் மேடையேறிய அன்று, 'முன்னால இருக்கறவர் தலை மறைக்குதே' என்று முனகிக்கொண்டே கைப்பேசியை உயர்த்திப் பிடித்து முழுவதையும் படம்பிடித்தீர்களே... அந்த நாடகத்தின் கதை என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?