விழத் தெரிந்தவர்

மாலை ஐந்து இருபது. நாங்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்த ஸ்காபரோ பேஸ்மென்ற் அறையின் கதவு திறந்தபோது முதலில் தெரிந்தது ஒரு கோட். முன்பக்கம் முழுக்கச் சேறு, பின்பக்கத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை. அதற்குள் இருந்தவர் ஹொலிவூட் அண்ணை. ரொறன்ரோவில் அவரளவு திருத்தமாகத் தரையில் விழக்கூடியவர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அமெரிக்கப் படக்காரர்கள் எங்கள் தெருக்களில் மஞ்சள் டாக்சிகளை ஓடவிட்டு, நியூயோர்க் என்று சொல்லிப் படம் பிடிப்பார்கள். அண்ணை கிழமை நாட்களில் மிசிசாகாவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குவார். சனிக்கிழமைகளில் அந்தப் படங்களின் தெருக்கூட்டத்தில் ஒருவராக நடப்பார். மூன்று படங்களில் நடந்திருந்தார். மூன்றிலும் முதுகு மட்டும் தெரிந்தது. வீடியோக் கசெற்றை நிறுத்தி நிறுத்தி அந்த முதுகை எங்களுக்குக் காட்டுவார்.

அன்று புதுப்படம், கதாநாயகி பெரிய நடிகை. வெடிச் சத்தம் கேட்டதும் கூட்டம் ஓடவேண்டும். எல்லோரும் ஓடினார்கள். அண்ணை குப்புற விழுந்து படுத்தார். திருப்பி எடுத்தார்கள், திருப்பி விழுந்தார். ஐந்து தரம்.

"ஓடச் சொன்னா ஓடுறதுக்கென்ன?" என்றான் எங்களுடன் இருந்த ரவி.

"வெடி கேட்டா ஆரடா எழும்பி நிண்டு ஓடுவான்? உவங்களுக்குத் தெரியேல்லை எண்டதுக்காக நான் சாகிறதே?"

ஆறாம் தரம் நடிகையே வந்து ஏன் என்று கேட்டாராம். ஊரில் குண்டு விழும்போது படுப்பதுபோல் அண்ணை படுத்துக் காட்டினாராம்: முழங்கை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல், காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. நடிகையும் பக்கத்தில் படுத்துப் பார்த்தாராம். அதன்பிறகு அண்ணையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அவவுக்கு நான்தான் பழக்கினனான்."

"ஓம் ஓம். பிறகு தேத்தண்ணி ஊத்தித் தந்தவவோ?" என்றான் ரவி.

நான் அப்போது ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் சினிமாப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணை என்னைத் தனியாகப் பிடித்தார்.

"தம்பி, படம் வரேக்கை என்ரை பேரையும் ஒரு வரியில போடும். நான் சொன்னாப் பகிடி. பேப்பரில வந்தா நம்புவினம். ஊரில இருக்கிற மனிசிக்கு, ஒன்பது வருசமா, பெட்டி அடுக்கிறன் எண்டுதான் எழுதிறன்."

"படத்தில வந்தாப் போடுறன் அண்ணை."

அடுத்த வருடம் படம் வந்தது. அறைக்காரர் எல்லோரும் போனோம். அண்ணை முன்வரிசையில் இருந்தார். வெடிச் சத்தம் கேட்டது. கூட்டம் ஓடியது. திரையில் அண்ணை எங்கும் இல்லை.

"அண்ணை, இந்தமுறை முதுகையும் வெட்டிப்போட்டாங்கள்" என்றான் ரவி. எல்லோரும் சிரித்தோம்.

நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் படத்தில் தெரு வெறிச்சோடிவிட்டது. நடுவில் நடிகை மட்டும் கிடந்தார். முழங்கை ஊன்றியிருந்தது. நெஞ்சு நிலத்தில் முட்டவில்லை. கைகள் காதில், வாய் திறந்திருந்தது. அண்ணை திரும்பி என்னை மட்டும் பார்த்தார்.

ஆதாரம் இல்லாததை எழுதக்கூடாது என்று பத்திரிகையில் பழகியிருந்தேன். அன்று ஆதாரம் ஒரு சுவரளவு பெரிதாக என் முன்னால் கிடந்தது. ஆனால் எனக்கு ரவியின் பகிடி வாய்க்குத்தான் பயம். அந்த வாரம் நடிகை விழுந்த விதத்தைப் புகழ்ந்து நாலு வரி எழுதினேன். அண்ணையின் பெயரைப் போடவில்லை.

அவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மனைவிக்கு அனுப்பினார்.