மூன்று ஞாயிறு, ஒரு புகார்கூட இல்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர்: குறிப்புக்காரர், அவர் மனைவி, மாமியார், மகள். நடுவில் பன்னிரண்டு ரொட்டி. சுட்டவர் குறிப்புக்காரர்.

அந்தப் பெயர் ஆபீஸில் வந்தது. அவர் கம்பெனியின் மென்பொருள்மேல்தான் மற்ற கம்பெனிகள் தங்கள் மென்பொருளைக் கட்டும். புதுப் பதிப்பு வரும்போது எது 'நிலையானது', எதை நம்பலாம், எது 'சோதனை', எதை நாளைக்கே பிடுங்கிவிடுவார்கள் என்று குறிப்பு எழுதுவது அவர் வேலை.

ஞாயிறு சமையலை மனைவி அவர் தலையில் கட்டியபோது அவர் அசரவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்: 'ஞாயிறு சமையல் – சோதனை. புகார் வந்தால் நீக்கப்படும்.'

"இது எப்பங்க நிலையானதாகும்?" மனைவி வெள்ளந்தியாகக் கேட்டாள்.

"ஆபீஸ் கணக்குதான். மூணு தடவை யாரும் குறை சொல்லலைன்னா நிலையானது. அப்புறம் ஆண்டவனே வந்தாலும் நீக்க முடியாது."

தவளை தன் வாயால் கெட்டது அந்த நிமிஷம்தான்.

கேவலமாகச் சமைப்பது, ஒரே ஒரு புகார் வாங்குவது, பழையபடி பத்து மணி வரை தூங்குவது. இதுதான் திட்டம். முதல் ஞாயிறு உப்பே போடவில்லை. "உடம்புக்கு நல்லது மாப்பிள்ளை," என்றார் மாமியார். இரண்டாவது ஞாயிறு உப்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. "கடல்ல குளிச்ச மாதிரி இருக்குப்பா, ஜாலி!" என்றாள் மகள்.

இது மூன்றாவது. ரொட்டியை மேசையில் தட்டினால் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம். மூவரும் ஒரே ரொட்டியைப் பிய்த்து மென்றார்கள்.

"நல்லாப் பாருங்க அத்தை, கருகிப் போச்சு."

"கருகினாத்தான் ருசி மாப்பிள்ளை."

"பாப்பா, உனக்கு?"

"சூப்பர்ப்பா!"

"நீயாவது உண்மையைச் சொல்லும்மா!" மனைவியிடம் கெஞ்சினார்.

"என்னங்க குறை? அமிர்தம்."

மனைவி எழுந்து போய், 'சோதனை'யை அடித்து 'நிலையானது' என்று எழுதினாள். "மூணு ஆச்சு. ம், இப்ப சொல்லலாம்."

"இது ரொட்டியா, கூரை ஓடா?" மாமியார் வெடித்தார்.

"போன வாரம் நாக்கே போச்சுப்பா!"

குறிப்புக்காரர் துள்ளினார். "புகார் வந்துடுச்சு! நீக்கிடலாம்!"

"நிலையானதை எப்படிங்க நீக்குறது? குறையைத்தான் சரி பண்ணணும். அடுத்த ஞாயிறு காலையில ஆறு மணிக்கு எந்திரிங்க. அம்மா பக்கத்துல நின்னு சொல்லித் தருவாங்க."

மாமியார் அடுப்படியிலிருந்து ஒரு மூடிய பாத்திரத்தைக் கொண்டுவந்தார். மூன்று தட்டுகள் கமகமவென்று நிறைந்தன. நான்காவது தட்டை ரொட்டிப் பக்கம் நகர்த்தினார்கள்.

சுட்டது பன்னிரண்டு. மூவரும் தின்றது ஒன்று. மிச்சம் பதினொன்று.