வலப்பக்கக் கொம்பில் மூன்றாவது ஆள்

எனக்கு ஆளைக் காட்டத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமில்லை. இருபது வயதில் ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு மனிதரின் மானம் தப்பியிருக்கும்.

எண்பத்துநாலாம் ஆண்டு. அக்காவை விட்டுப் போன அத்தான், பிள்ளைக்கு மாதாமாதம் தாபரிப்புக் காசு கட்டவேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்திருந்தது. மூன்று மாதம் கட்டினார். பிறகு எட்டு மாதம் மூச்சுப் பேச்சில்லை. பிள்ளை வதனிக்கு ஒன்றரை வயது. பால்மாப் பேணி முடிய முடிய, அக்காவின் காப்புகள் ஒவ்வொன்றாய் அடைவு கடைக்குப் போயின. மிச்சம் ஒரு சோடி.

நிலுவையைக் கேட்டு மறுபடி வழக்குக்குப் போனோம். அழைப்பாணையை அத்தானின் கையிலேயே கொடுக்கவேண்டுமாம். அதைக் கொண்டுபோகும் உத்தியோகத்தர் முருகேசு ஐயா இரண்டு தரம் அத்தானின் ஊரான கரவெட்டிக்குப் போனார். இரண்டு தரமும் அத்தானின் தாய், மகன் வன்னிக்குப் போய்விட்டான் என்று சொல்லிப் படலையைச் சாத்தினார். வழக்கு இரண்டு தவணை தள்ளிப்போனது. மூன்றாம் முறை, ஆளைக் காட்ட வீட்டிலிருந்து ஒருவர் வரட்டும் என்றார் ஐயா. வீட்டில் ஆம்பிளை என்று இருந்தது நான்தான். (அப்படித்தான் அக்கா நம்பினார், பாவம்.)

திட்டம் என்னுடையது. அவர்களுடைய ஊர்க் கோயிலில் ஏழாம் திருவிழா அத்தான் வீட்டு உபயம். தன் வீட்டுத் திருவிழாவில் கொம்புக்குத் தோள் கொடுத்துச் சாமி காவாமல் இருக்க முடியாது. காவுகிறவர் சாமியைப் போட்டுவிட்டு ஓடவும் முடியாது. அக்கா பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

ஆனால் அத்தானின் கண்ணில் பட எனக்குப் பயம். கச்சான் கடலை விற்கிற ஆச்சியின் பின்னால் குந்தியிருந்து எட்டிப் பார்த்தேன்.

"ஆர் தம்பி ஆள்?"

"வலப்பக்கக் கொம்பிலை மூண்டாவது ஆள், ஐயா."

ஐயா ஆறுதலாக, மெல்ல மெல்ல நடந்தார். அதற்குள் சாமி வீதி மூலைக்கு வந்துவிட்டது. மூலையில் தோள் மாற்றுவார்கள். வலக்கொம்புக்காரர் இடப்பக்கம் போவார்கள், இடக்கொம்புக்காரர் வலப்பக்கம் வருவார்கள். சாமி காவிய எவருக்கும் இது தெரியும். நான் வருடா வருடம் கழுத்துச் சுளுக்கென்று தப்பினவன். எனக்கெப்படித் தெரியும்?

தோளில் பாரம் இருக்கும்போது மனிதர் எதற்கும் தலையாட்டுவார். ஐயா அத்தானின் பேரைச் சொல்லி நீரோ என்று கேட்க, வலக்கொம்பில் மூன்றாவதாக நின்றவரும் ஆட்டினார். ஐயா கடிதத்தை அவர் இடுப்பில் செருகினார். நான் வெற்றிக் களிப்பில் ஒரு சுருள் கச்சான் வாங்கினேன்.

சாமியை இறக்கியதும் அவர் கடிதத்தை விரித்தார். கடவுளே, அது கனகசபை மாஸ்டர். அத்தானின் பெரியப்பா மகன். நாற்பது வயதுப் பிரமச்சாரி. அந்த மாதம்தான் ஒரு சம்பந்தம் சரிவந்திருந்தது. பெண்ணின் தகப்பன் பக்கத்திலேயே நின்றார். அவர் எட்டிப் பார்த்தார். பேரைப் பார்க்கவில்லை, 'பிள்ளைத் தாபரிப்பு நிலுவை' என்ற வரியைத்தான் பார்த்தார்.

"மாஸ்டர், உங்களுக்குப் பிள்ளை இருக்கோ?"

மாஸ்டர் கடிதத்தை மடித்தார், மறுபடி விரித்தார். கடிதத்திலுள்ள பேரைக் காட்டலாம் என்றுகூடத் தோன்றவில்லை மனிதருக்கு. சனம் கூடிவிட்டது. நான் கச்சானைக் கோதோடு மென்றுகொண்டிருந்தேன்.

அப்போது பின்னாலிருந்து அத்தான் வந்தார். மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணை, உந்தக் கடிதத்தை இஞ்சை தாங்கோ. அது எனக்கு வந்தது."

சனத்துக்கு முன்னால் கைநீட்டி வாங்கினார். முருகேசு ஐயா அவசரப்படாமல் பேனையை எடுத்தார்.

"அப்ப இதிலை ஒரு கையெழுத்து வையும்."

அடுத்த தவணைக்கு அத்தான் வந்தார். கட்டாவிட்டால் மறியலுக்குள் அடைப்பேன் என்று நீதவான் சொன்னதும், நிலுவையை நாலு தரமாகக் கட்டி முடித்தார். கடைசிச் சோடிக் காப்பு தப்பியது. மாஸ்டருக்கும் கலியாணம் நடந்தது. (எனக்குச் சொல்லவில்லை.) சொந்தப் பிள்ளையின் பசியை எட்டு மாதம் பொறுத்த மனிதருக்கு, அண்ணனின் வெட்கத்தை ஒரு நிமிடம் பொறுக்க முடியவில்லை. இது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் வீட்டில் எது பிழையாய்ப் போனாலும் 'மாமா காட்டின ஆள்' என்பார்கள். வதனியின் கலியாணத்தில் படம் எடுப்பவர், பொம்பிளையின் தகப்பன் யார் என்று கேட்டார். அத்தான் பின்வரிசையில் இருந்தார். நான் பழக்கதோசத்தில் அவரைக் காட்டக் கையைத் தூக்கினேன். வதனி எட்டி அந்தக் கையைப் பிடித்தாள்.

"மாமா, நீங்கள் ஒருத்தரையும் காட்டவேண்டாம். நீங்களே வந்து நில்லுங்கோ."

அந்தப் படத்தில் வலப்பக்கம் மூன்றாவதாக, அழுதுகொண்டு நிற்பது நான்தான்.