ஒரிஜினல் அண்ணையும் கடைசிச் சரணமும்

ரொறன்ரோவில் ஒரு பாட்டுக்குச் சாதகம் பார்த்த ஒரே தமிழர் ஒரிஜினல் அண்ணைதான். டோர்செட் பார்க்கில் எங்களுக்கு மேல்மாடி. சொந்தப் பெயர் அவருடைய தபால் பெட்டிக்கு மட்டுமே தெரியும்.

அது பழைய அமெரிக்க றிதம் அன்ட் புளூஸ் பாட்டு. கப்பலில் வேலை செய்த மாமா ஒருவர் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்த கசெற்றில் இருந்ததாம். பாடியவர் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றவில்லை. இங்கே வந்து தேடினால் அதை ஆளுக்கு ஆள் பாடியிருந்தார்கள். கடைசி வரியில் ஒருவர் காதலியை ‘இரு’ என்கிறார், இன்னொருவர் ‘போ’ என்கிறார், மூன்றாமவர் வரியையே விழுங்கிவிட்டார். தான் ஊரில் கேட்ட அந்த ஒரிஜினல் ‘இரு’வைக் கண்டுபிடிக்காமல் கண்மூடுவதில்லை என்று அண்ணை நின்றார். ஸ்ரௌவ்வில்லில் ஒரு பிறந்தநாள் விழாவில் டிஜேயைப் பிடித்து, கேக் வெட்டி முடியும்வரை விசாரித்தார். அதன்பிறகு இவர் தலை தெரிந்தாலே டிஜேக்கள் ஸ்பீக்கரைக் கழற்றத் தொடங்கினார்கள்.

போன குளிர்காலத்தில், ஒரு தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் அந்தப் பாட்டின் பதிவுகள் எல்லாவற்றுக்கும் மூத்த இசைத்தட்டு அகப்பட்டது. என்னையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். தெளிவாக ‘இரு’ என்றுதான் பாடியிருந்தார்கள். அண்ணையின் முகமோ தொங்கிப்போய்விட்டது.

“உது இல்லைத் தம்பி. கடைசிச் சரணம் உப்பிடி ஓடாது. ஆறுதலா, இழுத்துப் போகும்.”

அவர் அந்தப் பாட்டைக் கேட்ட யுத்த காலத்தில் ஊரில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலை உழக்கினால், டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் கசெற் பாடும். அண்ணையின் சைக்கிளைத் தன் வீட்டில் வைத்து உழக்கியவர் அவருடைய மச்சாள். இன்றைக்கு அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா. உழக்கிய வேகம் குறைந்திருக்கலாமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது.

“அவ உழக்கினால் கறண்டை விட நேர்.”

உலகத்துப் பாடகர்களை எல்லாம் சந்தேகப்பட்ட மனிதர், அந்தக் கால்களை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

தேநீர் கொண்டுவந்த அக்கா தட்டைக் கீழே வைத்தார்.

“நான்தான் கடைசியிலை மெல்ல உழக்கினனான். பாட்டு முடிஞ்சால் இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டை போயிடுவாரெல்லோ.”

அண்ணை இசைத்தட்டை மறுபடி ஓடவிட்டு, கடைசிச் சரணம் வந்ததும் அதன் விளிம்பில் மெதுவாக விரலை வைத்தார். பாடகரின் குரல் எருமை முக்குவதுபோல் ஆனது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்த மனிதரை அன்றைக்குத்தான் மிகவும் பிடித்துப்போயிற்று.

சங்கீதம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டின் ஒரிஜினல் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், எங்கள் மேல்மாடிக்குத்தான் வழி சொல்வேன்.