டாக்டரம்மா முதுகில் முழுகிய கப்பல்

டிசைன் போடுகிறவனுக்கு வரக்கூடாத நோய் ஒன்று உண்டு: தன் வேலையைத் தானே ரசிப்பது. எனக்கு அது முற்றியிருந்த சமயத்தில்தான் பல் டாக்டர் கோமதி அம்மா கூப்பிட்டனுப்பினார்.

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் வரைவது என் தொழில். டாக்டரம்மாவுக்குப் பல் பிடுங்குவது தொழில். நாணயம் சேர்ப்பது உயிர். நான் போனபோது, வாயைப் பிளந்து கிடந்த ஒருவரிடம் “அப்டியே இருப்பா, மரத்துப் போவட்டும்” என்று சொல்லிவிட்டு, பீரோவிலிருந்து ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்துவந்தார். ஆசையாகக் கை நீட்டினேன்.

“விளிம்பைப் புடிப்பா! நடுவுல விரல் பட்டா ரேகை வுழுந்துடும். அப்புறம் எவன் வாங்குவான்?”

நம் பழைய கடலோடிகளின் நினைவாக வெளியான நாணயம் அது. கடையில் மாற்றுகிற காசு இல்லை. ஆனால் சேகரிப்பவர்கள் அதில் அச்சிட்ட மதிப்பைவிடப் பல மடங்கு கொடுப்பார்களாம். ஒரு பக்கம் சிங்கத்தூண். மறுபக்கம் இரண்டு பாய்மரங்களோடு ஒரு கப்பல். பாய் காற்றில் புடைத்திருந்ததும், பின்னால் துடுப்பு அலையைக் கிழித்ததும் அந்தத் துளி இடத்தில் அத்தனை துல்லியம். பொறாமையாக இருந்தது.

“ஏறக்குறைய ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே நம்ம கரையோரம் புழங்குன ஈயக்காசுல இதே மாதிரி ரெண்டு பாய்மரக் கப்பல் இருக்குது. பல்லவர் காலத்துல இங்கேர்ந்து சீனா வரைக்கும் தூது போயிருக்காங்க. மோட்டார் கிடையாது, மேப் கிடையாது. காத்து திரும்பற வரைக்கும் காத்துக்கினு இருந்து போயிருக்காங்கப்பா!” சொல்லும்போது அவர் கண் கலங்கியது. (நாற்காலியில் இருந்தவருக்கும் கலங்கியது. காரணம் வேறு.)

நாணயக் கண்காட்சியில் அவர் பேசப் போகிறார். அன்றைக்குக் கட்ட, முந்தானை முழுக்க அந்தக் கப்பல் வேண்டும்.

வரைந்தேன். திரையில் புடவையை நீளவாக்கில் படுக்கவைத்து, முந்தானையின் ஓரத்தை நோக்கிக் கப்பல் கம்பீரமாகப் போவதுபோல. பார்க்கப் பார்க்க எனக்கே கடல்காற்று அடித்தது. என் சித்தப்பா மகன் ஏகாம்பரம் அண்ணன் நெய்து கொடுத்தார். மடித்த புடவையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் டாக்டரம்மா நெஞ்சோடு அணைத்து வாங்கிப்போனார்.

கண்காட்சியன்று மனைவியோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன், பாராட்டு வந்தால் எழுந்து கும்பிட வசதியாக. டாக்டரம்மா மேடையேறினார். நாணயத்தின் படம் திரையில் பெரிதாக விழுந்தது. “இதோ, நம்ம கப்பல்!” என்று திரையைக் காட்டியவர், முந்தானையும் தெரியட்டுமென்று முதுகைத் திருப்பினார்.

திரையில் கப்பல் மிதந்தது. முதுகில் மூக்கு தரையைப் பார்க்க, வால் வானத்தைப் பார்க்க, செங்குத்தாக இறங்கிக்கொண்டிருந்தது.

படுக்கவைத்து வரைந்த முந்தானை, கட்டினால் தொங்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. (புடவை ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான்.)

“டாக்டரம்மா, உங்க கப்பல் முழுகுதும்மா!” என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். மண்டபமே சிரித்தது. நாற்காலிக்கு அடியில் புகுந்து ஏகாம்பரம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“சாஞ்சிகினு இருந்தது தெரியும்டா. புயல்ல மாட்டின கப்பல்னு நினைச்சிக்கினேன்” என்றார்.

மேடையில் டாக்டரம்மா முந்தானையை முன்னால் இழுத்துப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

“அச்சடிக்கறப்ப தப்பா வுழுந்த காசு கெடைச்சா நாம இன்னா பண்ணுவோம்?”

“வுடமாட்டோம்!” என்றது நாணயக் கூட்டம்.

“ஏன்?”

“அதுக்குத்தான் ரேட்டு ஜாஸ்தி!”

“இந்த மாதிரி முந்தானை உலகத்துலயே ஒண்ணுதான் இருக்குது. என்னாண்டதான் இருக்குது” என்று சொல்லி, இன்னொரு முறை பெருமையாகத் திரும்பி நின்றார். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. அப்புறம் கடலோடிகளைப் பற்றி அவர் பேசியபோது ஒருவரும் எழுந்து போகவில்லை. புயலில் போனவர்களையும் திரும்பி வராதவர்களையும் அந்த முந்தானையைக் காட்டியே சொன்னார். கேட்ட எனக்கே நான் வேண்டுமென்றுதான் அப்படி வரைந்தேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

முடிந்ததும் ஓடினேன். “வேற நெய்து தரேம்மா, அதைக் குடுத்துடுங்க.”

“அது மேல கைய வெச்ச, ஊசி போடாம பல்லைப் புடுங்கிடுவேன்” என்றார்.

இன்றைக்கும் நான் எந்த டிசைனை முடித்தாலும் என் மனைவி வந்து லேப்டாப் முன்னால் நிற்பாள். மாங்காயோ மயிலோ, எதுவானாலும் சரி. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்வாள்:

“மெதக்குதுங்க. தறிக்கு அனுப்பலாம்.”