முப்பது அடிச் சரிவும் உமது அக்காவும்

துணுக்காய்,
12.06.1999

அன்புள்ள மைத்துனர் பரமலிங்கம் அறியவேண்டியது,

நெளுக்குளத்தில் நீரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எனது முழங்கால் நோ வழமைபோல, மாடுகளுக்குக் குறையில்லை, உமது அக்கா அன்னபாக்கியத்துக்கும் சாப்பாடு செல்கிறது. பயண அனுமதிப் பாஸ் கிடைத்து நாளை வவுனியா வருகிற தவராசா மாஸ்டரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். மறுமொழியையும் அவரிடமே கொடுத்துவிடவும். விஷயம் அவசரம்.

கார்த்திகையில் செல் குண்டின் துண்டு முதுகில் பட்டதிலிருந்து அக்காவுக்கு இரண்டு காலும் இயங்குவதில்லை என்பது உமக்குத் தெரியும். போன மாதம் நிவாரண நிறுவனமொன்று சில்லுக்கதிரை தந்தது. நல்ல கதிரை. வீட்டுக்குள்ளே அறைக்கும் கூடத்துக்கும் தானே உருட்டிக்கொண்டு திரிகிறார். ஆனால் முன்வாசலில் மூன்று படி, இரண்டரை அடி உயரம். அதில் கதிரை இறங்குமா? ஏழு மாதமாக ஆஸ்பத்திரிக்குத் தவிர வெளியே போகாத மனுஷி. ஆட்கள் தூக்கி இறக்குவதும் அவருக்குப் பிடிக்காது. ஆகவே ஒரு சரிவுப் பாதை வேண்டும் என்று தீர்மானித்தேன். சீமெந்து இந்தப் பக்கம் வராது. மண் இருக்கிறது. முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்தவனுக்கு மண்வேலை யாராவது சொல்லித்தர வேண்டுமா? நான் கட்டிய குளக்கட்டு ஒன்றும் இன்றுவரை உடைத்துக்கொண்டு போனதில்லை. அதே கணக்கில், ஓரடி உயரத்துக்கு இரண்டடி நீளமாக, மண் போட்டு, நனைத்து, திமிசு போட்டு இறுக்கி, மேலே புல்லும் பதித்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

அக்காவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். கதிரை ஒரு கணம் யோசித்தது. பிறகு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்தது. முற்றத்தைக் கடந்து, நாயைத் துரத்தி, வைக்கோல் போருக்குள் போய்ப் புதைந்தது. நான் ஓடிப்போய் வைக்கோலை விலக்கிப் பார்த்தால் அவர் ஒரு கீறலும் இல்லாமல் இருக்கிறார். "தண்ணியை மறிக்கிற சரிவிலை மனிசர் இறங்கேலுமே?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்ததாக, முள்ளிவாய்க்காலிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவருகிற மத்தேயு ஒரு யோசனை சொன்னார். கடலில் வள்ளம் இறக்குவதுபோல இரண்டு பனங்குற்றியைச் சரித்துப் போட்டு, கதிரைக்குக் கயிறு கட்டி, ஆறு பேர் பின்னால் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல விடலாமாம். "பாட்டும் பாடினால் பாரம் தெரியாது ஐயா" என்றார். நான் குற்றிக்குச் சொல்லியும் விட்டேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மத்தேயுத் தம்பி, நான் ஒருக்கா வெளியிலை போறதுக்கு ஆறு பேரிட்டைச் சொல்ல வேணுமெண்டால் நான் உள்ளுக்கையே இருக்கிறன்" என்றார். மத்தேயு பாவம், அன்று கருவாட்டை அரை விலைக்குத் தந்துவிட்டுப் போனார்.

கடைசியாக நிறுவனத்து மிஸ் நேரில் வந்து பார்த்தா. என்னுடைய குளக்கட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அந்த மரியாதை இருந்தது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்று சொன்னா. முப்பது அங்குலத்துக்கு முப்பது அடி. வாசலிலிருந்து தெருப் படலைக்கு இருப்பதோ இருபத்திரண்டு அடி. மிச்சம் எட்டு அடி றோட்டில் கிடக்கும். கிராம சேவையாளரிடம் அனுமதி கேட்கப் போனேன். "ஐயா, வீட்டுக்கு றோட்டு வேணுமெண்டு வாறவை இருக்கினம். வீட்டை றோட்டுக்குக் கொண்டுவாறன் எண்டு நீங்கள்தான் வந்திருக்கிறியள்" என்றார். ஆகவே கிணற்றடியில் ஒரு வளைவு வைத்து, முதிரைமரக் கால் நட்டு, பாலைமரப் பலகை அடிப்பதாக முடிவு. நீர் மரக்காலையில் பலகைகளோடு வேலை செய்கிறவர். வளைவில் பலகையை எப்படிப் பொருத்துவது என்று ஒரு படம் கீறி அனுப்பும். ஆறங்குல ஆணி தவராசா மாஸ்டர் கொண்டுவரக் கூடிய அளவு கொடுத்துவிடும்.

இன்னொன்று. நான் இதையெல்லாம் சொன்னால் அக்கா, "செய்யிறதைச் செய்யுங்கோ" என்றுவிட்டு மற்றப் பக்கம் பார்க்கிறார். வெளியே போகிற ஆசையே விட்டுப்போய்விட்டதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, பரமலிங்கம். ஒளிப்பானேன், செல் விழுந்த அன்றுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. தம்பி சொன்னால் கேட்பார். அவருக்கென்று தனியாக இரண்டு வரி எழுதும்.

உமது வீட்டு அடுப்பு ஒருநாளும் அணையாமல், பிள்ளைகள் படிப்பில் முந்தி, நோய்நொடி உங்கள் படலையைத் திரும்பியும் பாராமல் போகட்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்,
சி. ஐயாத்துரை

பி.கு.: கடிதத்தை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கக் குசினிப் பக்கம் போனேன். அக்காவைக் காணவில்லை. கதிரையையும் காணவில்லை. பின்கதவு திறந்து கிடக்கிறது. வீட்டின் பின்பக்கம் நிலம் மேடு. அங்கே வாசலுக்கும் நிலத்துக்கும் வித்தியாசம் ஐந்து அங்குலம்தான். முப்பத்தொரு வருடம் ஊரெல்லாம் மட்டம் பார்த்தவன், என் வீட்டுப் பின்வாசலுக்கு மட்டம் பார்க்கவில்லை. அந்த ஐந்து அங்குலத்தில் கோழிக்கூட்டுக் கதவைக் கழற்றிச் சரித்துப் போட்டிருக்கிறது. அதிலிருந்து சில்லுத் தடம் நேரே வேலிக்குப் போகிறது. பெண்கள் அந்த வளவுக்கும் இந்த வளவுக்கும் போய்வருகிற வேலி இடைவெளிப் பொட்டில் இரண்டு கதியால் தடியைப் பிடுங்கி அகலமாக்கியிருக்கிறது. அங்காலே, இந்த வேலைக்குக் கைகொடுத்த பக்கத்து வீட்டு இரஞ்சிதத்தின் குரலும் உமது அக்காவின் சிரிப்பும் கேட்டன. அந்தச் சிரிப்பைக் கேட்டு ஏழு மாதம்.

வேலிக்கு இங்கால் நின்று, "இரஞ்சிதம் ஒவ்வொரு நாளும் வந்து உம்மைப் பாக்கிறவதானே?" என்று கேட்டேன்.

"என்னை வந்து பாக்கிறது வேறை. நான் போறது வேறை. றோட்டுக்குப் போறதுக்கு எனக்கு றோட்டிலை என்ன அலுவல்? எங்கை போக விருப்பமெண்டு நீங்கள் ஒருக்காலாவது கேட்டனீங்களே?"

கேட்கவில்லை, பரமலிங்கம். மத்தேயுவைக் கேட்டேன், மிஸ்ஸைக் கேட்டேன், கிராம சேவையாளரைக் கேட்டேன், இப்போது உம்மையும் கேட்டிருக்கிறேன். அக்காவை மட்டும் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. கடதாசிக்குத் தட்டுப்பாடு என்றபடியால் மேலே எழுதியதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். படமும் ஆணியும் வேண்டாம்.

பொழுது படுகிறது. கோழிகளை அடைக்கக் கதவு வேண்டும் என்று இரண்டு தரம் குரல் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கு இன்னும் கதை முடியவில்லையாம். கோழிகளோடு நானும் முற்றத்தில் நிற்கிறேன்.