ஸ்டூலை நிமிர்த்திய பேய்

கல்யாண வீட்டுக்கு வந்தோமா, பலகாரத்தைத் தின்றோமா என்று இல்லாமல், அந்த ஸ்டூல் கதை உங்களுக்கு எதற்கு? என் மானம் கப்பலேறிய கதை உங்களுக்குப் பொழுதுபோக்கு. சரி, கேட்டுத் தொலையுங்கள்.

என் பேரன் சாத்தப்பனுக்குக் கானா நாட்டில், குமாசியில் வேலை. (என்ன வேலை என்று எனக்குப் புரியும்படி அவன் இன்னும் சொன்னபாடில்லை.) அங்கே அஃபியா என்ற அசாந்தே இனத்துப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. வெள்ளிக்கிழமை பிறந்த பெண்ணுக்கு அவர்கள் வைக்கிற பெயராம் அது. வெள்ளிக்கிழமை என்றதும் நானும் வாயை மூடிக்கொண்டேன். கல்யாணத்தைக் கண்டனூரில் எங்கள் வீட்டிலேயே வைத்தோம்.

முதல் நாளே சம்பந்தியம்மா வந்து இறங்கினார். கூடவே ஒரு ஸ்டூல். ஒரே மரத்தில் குடைந்தது. உட்காருமிடம் பிறை மாதிரி வளைந்து, வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைச் சீர்ச் சாமான்களோடு முற்றத்தோரத்தில் வைத்தார்கள்.

எங்கள் பக்கம் கல்யாணச் சாமானைப் பரப்பி வைப்பதில்தான் கௌரவமே இருக்கிறது. ஒரு கரண்டி கவிழ்ந்து கிடந்தாலும் ஊர் பேசும். மஞ்சள் அரைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், சம்பந்தி வீட்டு ஸ்டூல் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. நிமிர்த்தினேன். திரும்பி வந்தால் மறுபடி சாய்ந்து கிடக்கிறது. பூனையைத் திட்டிக்கொண்டே திரும்பவும் நிமிர்த்தினேன். மூன்றாந்தரமும் அதே கதை. கடைசியில், காவலுக்கு ஆள் இருந்தால்தான் சரிப்படும் என்று நானே அதில் உட்கார்ந்துவிட்டேன். என் முட்டிவலிக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. கண் சொக்கிவிட்டது. விழிப்பு வந்ததும் அடுப்படிக்கு ஓடினேன்.

சாயங்காலம் சாத்தப்பன் முகம் வெளிறிப்போய் வந்தான்.

"அப்பத்தா, அஃபியாவக் கூட்டிக்கிட்டுக் கெளம்புறேங்குறாக அவுக அம்மா."

"ஏண்டா, கொழம்புல உப்புக் கூடிப்போச்சா?"

அதெல்லாம் இல்லை. அந்த ஸ்டூல் சம்பந்தியம்மாவைப் பெற்ற தாயுடையதாம். ஒருவர் உட்காருகிற ஸ்டூலில் அவருடைய உயிரே குடியிருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆள் எழுந்ததும் சாய்த்து வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அலைகிற ஆவி ஏதாவது வந்து உட்கார்ந்துவிடும். அவர்களுக்கு வம்சம் பெண்வழியில் போவதால், அதை மகளுக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருக்கிறார். அவர் சாய்த்துச் சாய்த்து வைக்க, இந்த வீட்டில் ஏதோ ஒன்று நிமிர்த்தி நிமிர்த்தி வைக்கிறது. இப்பேர்ப்பட்ட வீட்டில் மகளை விட்டுப்போக மாட்டாராம்.

"அதுல மஞ்சக் கைத்தடம் வேற இருக்கு அப்பத்தா."

என் கை தானாக முந்தானைக்குள் போயிற்று.

பேசாமல் இருந்தால் கல்யாணம் நிற்கும். பேசினால், சம்பந்தியைப் பெற்றவள் மேலேயே ஏறி உட்கார்ந்தவள் என்று பெயர். பேரன் முகத்தைப் பார்த்தேன். அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. எழுந்து போனேன்.

எனக்கு இங்கிலீஷில் 'தேங்க்யூ' மட்டும்தான் தெரியும். அது அந்த நேரத்துக்கு உதவாது. அதனால் இரண்டு கையையும் விரித்து அவர் முன்னால் நீட்டினேன். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து ஸ்டூலில் இருந்த தடத்தின்மேல் வைத்துப் பார்த்தார். விரலுக்கு விரல் பொருந்தியது. அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிமிர்த்தியது பேய் இல்லை, கிழவிதான் என்பதில் அவ்வளவு நிம்மதி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பின்னாலேயே வந்து நின்ற சாத்தப்பனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அதில் உட்கார்ந்தேனா என்றுதான்.

"உக்காந்தேன்னு சொல்லுடா. உக்காந்து தூங்கியும் போயிட்டேன்னு சொல்லு."

சாத்தப்பன் சொன்னான். அவர் பதில் சொன்னதும் இவன் என் பக்கம் திரும்பினான்.

"அவுக அம்மாவும் அதுல உக்காந்துக்கிட்டே தூங்குவாகளாம்."

எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. கறை எடுக்க எலுமிச்சம்பழமும் மணலும் எடுத்து வந்தேன். அவர்கள் ஊரிலும் அப்படித்தான் தேய்ப்பார்களாம். கிணற்றடியில் இரண்டு பேரும் சேர்ந்து தேய்த்தோம். மறுநாள் காலையில் சாத்தப்பன் அஃபியா கழுத்தில் திருப்பூட்டினான். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு 'மஞ்சப் பேய்' என்றுதான் பெயர்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் வருமா? கிணற்றடியில் என்ன வேலை என்று கேட்டார்கள். சம்பந்திகள் சேர்ந்து மணை தேய்ப்பது அந்த ஊர் முறை, அப்போதுதான் பிள்ளைகள் சண்டை போடாமல் இருப்பார்கள் என்று அளந்துவிட்டேன். போன தையில் அவர்கள் வீட்டுக் கல்யாணம். "ஆச்சி, எம்புட்டு நேரம் தேய்க்கணும்?" என்று எலுமிச்சம்பழத்தோடு வந்து நிற்கிறார்கள்.

"சம்பந்தியம்மா சிரிக்கிற வரைக்கும்" என்றேன்.